காலிப்பர் சீல் மாற்றிய பிறகு பிரேக் சரியில்லையா? லீவரின் அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

டிஸ்க் பிரேக் காலிப்பரைப் பிரித்து, பிஸ்டனைத் துடைத்து, புது சீல் போட்டு மாட்டியாயிற்று. புது பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. ஆனால் லீவரைப் பிடித்தால் ஹேண்டில் பார் வரை போகிறது. அல்லது சக்கரம் சுற்ற மறுக்கிறது. இந்த இடத்தில் பலரும் இன்னொரு பாட்டில் ஆயில் வாங்கி வந்து மறுபடியும் ஏர் எடுக்க (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற) உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் லீவர் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். மெத்தென்று இருப்பதும், மெல்ல இறங்குவதும், கல்லாக நின்றும் வண்டி நிற்காததும் வெவ்வேறு கோளாறுகள். 250 மில்லி பாட்டில் ஒன்று முழுதாகத் தீர்ந்தும் லீவரில் மாற்றமே இல்லை என்றால், இரண்டாவது பாட்டிலும் தீர்க்கப்போவதில்லை.

கீழே உள்ளவை 150 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளின் முன் பிரேக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: ஒற்றை டிஸ்க், ஊசிகளில் நகரும் காலிப்பர், ஒன்று அல்லது இரண்டு பிஸ்டன், ஹேண்டிலில் மாஸ்டர் சிலிண்டர் (லீவரின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பகுதி, ஆயில் தொட்டியும் இதன் மேலேதான்). பல்சர், அப்பாச்சி, எஃப்இசட், கிளாசிக் 350 எல்லாம் இந்த அமைப்புதான். பின் பிரேக்கில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

## தொடங்கும் முன்

ஆயில்: மாஸ்டர் சிலிண்டர் மூடியில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான். இந்த வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4 என்ற தரம். டாட் 5 சிலிகான் வகை. அதை டாட் 4 ஓடும் அமைப்பில் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதம் முன்பு திறந்து அலமாரியில் வைத்த பாட்டில் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

செம்பு வாஷர்: பேன்ஜோ போல்ட் (ஹோஸின் முனையை மாட்டும் துளையுள்ள போல்ட்) ஒன்றுக்கு இரண்டு, ஹோஸ் முனையின் வளையக் கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழற்றிய ஒவ்வொரு முறையும் புதிது. விலை மிகக் குறைவு. பழையதையே போட்டதால் வரும் கசிவு மொத்த வேலையையும் கெடுக்கும்.

குழாய்: மீன் தொட்டி ஏர் பம்புக்கு விற்கும் தெளிவான குழாய் நிப்பிளில் (காற்றை வெளியேற்றக் காலிப்பரில் உள்ள சிறு திருகு) இறுக்கமாக உட்காரும். கூடவே 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்ச், ஒரு கண்ணாடி பாட்டில், ஈரத்துணி. ஓப்பன் ஸ்பேனரால் நிப்பிளைத் திருகினால் முனை மழுங்கிவிடும். முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல்தான் குழாயைச் செருக வேண்டும்.

டேங்க் மீதும் மட்கார்டு மீதும் ஈரத்துணி விரியுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். சொட்டு விழுந்தால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பரவும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

## ஏர் எடுக்கும் வரிசை

வண்டி சைடு ஸ்டாண்டில். ஹேண்டில் முழுதாக இடது பக்கம். அப்போதுதான் வலது கைப்பிடி முனை உயர்ந்து, மாஸ்டர் சிலிண்டரின் பேன்ஜோ பக்கம் தாழ்ந்து, அங்கே சிக்கிய காற்று தொட்டியை நோக்கி ஏற வழி கிடைக்கும். தொட்டியின் விளிம்பில் ஆயில் வழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே 20 மி.மீ. தடிமனில் ஒரு மரக்கட்டையோ சுருட்டிய துணியோ வையுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். ஓடிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வருடக்கணக்கில் பாதி தூரம் மட்டுமே போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் அழுக்கும் துருத்தூளும் படிந்திருக்கும். லீவரை முழுதாக அமுக்கி அடித்தால் ரப்பர் கப் (மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் சீல்) அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காலிப்பர் சீல் மாற்றிய மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இந்த முழு அமுக்கல்தான்.

லீவரை மூன்று முறை மெதுவாக அமுக்கி, நான்காவது முறை பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, லீவர் கட்டையைத் தொட்டதும் நிப்பிளை மூடி, அதன் பிறகே லீவரை விடுங்கள். மூடும் முன் விட்டால் காற்று உள்ளே போகும். ஐந்து முறைக்கு ஒரு தடவை தொட்டியைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே போய் அடித்துளை காற்றை உறிஞ்சிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. முடிந்ததும் நிப்பிளை மேனுவல் சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள். பெரும்பாலும் 6 நியூட்டன் மீட்டர் அளவுதான், அதாவது சிறிய ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் மட்டும்.

## அறிகுறி 1: லீவர் முழுதாக உள்ளே போகிறது, அழுத்தமே ஏறவில்லை

### பிஸ்டன் இன்னும் வெளியே வரவில்லையா?

முதலில் பார்க்க வேண்டியதும் செலவே இல்லாததும் இது. புது சீல் போடும்போது பிஸ்டன்களைக் கடைசி வரை உள்ளே தள்ளியிருப்பீர்கள். பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள அந்த இடைவெளியை நிரப்பவே பல அமுக்கல்கள் வேண்டும். நிப்பிளை மூடி வைத்துக்கொண்டு 20 முதல் 30 முறை மெதுவாக அமுக்குங்கள். பேடு டிஸ்க்கைத் தொடும் வரை நகர்ந்து வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வந்துகொண்டே இருந்தால் பொறுமையாகத் தொடருங்கள். தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

### மாஸ்டர் சிலிண்டர் வறண்டுவிட்டதா?

காலிப்பர் நாட்கணக்கில் பிரிந்து கிடந்தால் ஆயில் முழுதும் வடிந்து மாஸ்டர் சிலிண்டர் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும். காற்று சுருங்குமே தவிர ஆயிலைத் தள்ளாது. நிப்பிளில் எத்தனை முறை எடுத்தாலும் பயன் இருக்காது.

தொட்டியை நிரப்பி, லீவரின் முதல் 5 முதல் 10 மி.மீ. அசைவை மட்டும் குட்டி குட்டியாகச் செய்யுங்கள். தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று பெரியது, ஒன்று ஊசி முனை அளவு. சின்னத் துளையிலிருந்து குமிழ்கள் வரும். நின்ற பிறகு ஹோஸை விரலால் தட்டி மறுபடி செய்யுங்கள். கடைசியில் குமிழ் இல்லாமல் சின்ன ஊற்று போல ஆயில் துள்ள வேண்டும். துள்ளவே இல்லை என்றால் அந்தத் துளை அடைத்திருக்கிறது. அறிகுறி 5-ஐப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? மாஸ்டர் சிலிண்டரின் பேன்ஜோவைத் துணியால் சுற்றி, லீவரை அமுக்கிப் பிடித்தபடி போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி உடனே இறுக்குங்கள். புஸ்ஸென்று காற்றும் நுரையும் வரும். நான்கைந்து முறை செய்தால் பிடி கிடைக்கும்.

### கீழிருந்து மேலே நிரப்புங்கள்

காற்று மேலே போகத்தான் பார்க்கும். நாம் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறோம். சிரிஞ்சில் 30 மில்லி புது ஆயில் எடுத்து, குழாயிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றி, நிப்பிளில் மாட்டித் திறந்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். லீவரைத் தொடக்கூடாது. தொட்டி நிரம்பி வழியும் முன் இன்னொரு சிரிஞ்சால் அங்கே உறிஞ்சி எடுங்கள். வறண்டுபோன அமைப்புக்கு இதைவிட வேகமான வழி இல்லை. பிரேக் ஆயில் பட்ட சிரிஞ்சின் ரப்பர் உப்பிவிடும்; அடுத்த முறைக்குப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்: ஊற்று வருகிறது, கீழிருந்தும் நிரப்பியாயிற்று, கசிவு எங்கும் இல்லை, இருந்தும் லீவரில் அழுத்தமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் கப் போயிருக்கிறது. அதன் ரிப்பேர் கிட் அல்லது முழு மாஸ்டர் சிலிண்டர் தேவை.

## அறிகுறி 2: நாலைந்து முறை அடித்தால் கல்லாகிறது, ஒரு நிமிடம் விட்டால் மறுபடி மெத்தென்று ஆகிறது

காற்று உள்ளே இருக்கிறது என்பதற்கான தெளிவான அடையாளம் இதுதான். எங்கே சிக்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

### நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா?

குனிந்து பாருங்கள். நிப்பிள்தான் காலிப்பரின் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். இரட்டை டிஸ்க் வண்டியில் இடம் வலம் மாற்றி மாட்டினாலோ, வேறு வண்டியின் காலிப்பரைப் பொருத்தியிருந்தாலோ நிப்பிள் கீழே போய்விடும். அப்போது மேலே உள்ள அறையில் காற்று நிரந்தரமாகத் தங்கும். பின் காலிப்பர் சிலவற்றில் கம்பெனி அமைப்பிலேயே நிப்பிள் சற்றுத் தாழ்வாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டதை ஹோஸோடு கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனுள்ள மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேலே வருமாறு கையில் தூக்கிப் பிடித்து ஏர் எடுங்கள். மரத்துண்டு இல்லாமல் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

இரண்டு பிஸ்டன் காலிப்பராக இருந்தால், ஏர் எடுக்கும்போது ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் காலிப்பர் உடம்பை மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். புது சீலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குமிழ்கள் அதிர்வுக்குத்தான் கழன்று வரும். சீலை வறட்டாகப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை கூடுதல். சீலையும் பிஸ்டனையும் பிரேக் ஆயிலில் நனைத்தே போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

### ஹோஸ் வளைவிலும் பேன்ஜோவிலும்

ஹோஸ் எங்காவது மேலேறிக் கீழிறங்கினால் அந்த மேட்டில் காற்று நிற்கும். கிளிப்பிலிருந்து விடுவித்து, காலிப்பரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை ஏறுமுகமாகப் பிடித்துத் தட்டுங்கள். பிறகு மேலே சொன்ன குட்டி அமுக்கல்கள்.

### இரவு முழுதும் கட்டி வைப்பது

பட்டறைகளில் லீவரை ஹேண்டிலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி இரவு விடுவார்கள். வெறும் நம்பிக்கை அல்ல, பலன் உண்டு. அழுத்தத்தில் குமிழ்கள் சுருங்கி, ஒட்டிய இடத்திலிருந்து விடுபட்டு மேலே நகரும். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் தொட்டியின் அடியிலுள்ள சின்னத் துளை திறந்து, காற்று தொட்டிக்குப் போகும். ஆனால் கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் காற்றுக்கு மட்டுமே இது மருந்து. பாதி அமைப்பும் காற்றாக இருந்தால் ஒன்றும் நடக்காது. கட்டும்போது தொட்டி மூடி போட்டிருக்க வேண்டும். லீவர் கட்டை வரை மட்டுமே போக வேண்டும்.

### குழாயில் குமிழ் நிற்கவே இல்லையே?

சிரிஞ்சாலோ வாக்கும் (வெற்றிட) பம்பாலோ இழுக்கும்போது இது நடக்கும். பெரும்பாலும் அது உள்ளிருந்து வரும் காற்று அல்ல. தளர்ந்த நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து உறிஞ்சப்படுவது. வாக்கும் விட்டுவிட்டு லீவர் முறைக்கு மாறுங்கள். குமிழ் நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதானால் மேல் மரையில் மட்டும். கூர்முனையில் டேப் பட்டால் நிப்பிள் சரியாக மூடாது.

## அறிகுறி 3: காற்று போய்விட்டது, ஆனாலும் எப்போதும் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது

அடித்தாலும் ஏறவில்லை, விட்டாலும் இறங்கவில்லை. ஒரே மாதிரி ரப்பர் போல இருக்கிறது. இங்கே ஏர் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

பேடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா? காலிப்பரின் உள்ளே இருக்கும் தகட்டு ஸ்பிரிங் விலகியிருந்தால் பேடு சாய்வாக நிற்கும். லீவரை அமுக்கும்போது அந்தத் தகடுதான் வளைகிறது. பேடு ஊசி இரண்டும் கடைசி வரை போயிருக்க வேண்டும். இன்னொருவரை லீவரை அமுக்கச் சொல்லிக் காலிப்பரை நேராகப் பாருங்கள். பேடு சாய்ந்தாலோ காலிப்பர் மொத்தமாக முறுக்கினாலோ கோளாறு அங்கேதான்.

நகரும் ஊசிகள். சீல் மாற்றுபவர்கள் பிஸ்டனில் காட்டும் அக்கறையை இந்த இரண்டு ஊசிகளிலும் காட்டுவதில்லை. பழைய கிரீஸ் பிசினாகி ஊசி இறுகியிருந்தால், ஒரு பக்கப் பேடு மட்டும் டிஸ்க்கை வளைத்துத் தள்ளும். அந்த வளைவுதான் கையில் ஸ்பாஞ்சாகத் தெரிகிறது. கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் பூசி, ரப்பர் பூட்டைச் (ஊசியை மூடும் உறை) சரியாகப் பொருத்துங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், பூட்டு உப்பிவிடும்.

புது பேடு. புதிதாகப் போட்டது பழைய டிஸ்க்கின் தேய்மானத்துக்குப் படிய 100, 150 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை சற்று மெத்தென்று இருப்பது இயல்பு.

பழைய ஹோஸ். லீவரை முழுப் பலத்தில் அமுக்கும்போது ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடியுங்கள். உப்புவது கையில் தெரிந்தாலோ, வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

### மாஸ்டர் சிலிண்டரா, கீழேயா? ஒரே சோதனையில் தெரிந்துகொள்ள

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி, பேன்ஜோ போல்ட் இருந்த இடத்தில் துளையில்லாத போல்ட் ஒன்றைச் செம்பு வாஷரோடு போட்டு அடையுங்கள். 10 மி.மீ. விட்டத்தில் இரண்டு வகை மரை உண்டு: ஜப்பானிய அமைப்பில் இடைவெளி 1.25 மி.மீ., பிரெம்போ அமைப்பில் 1 மி.மீ. பழைய போல்ட்டோடு மரையை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டே போடுங்கள். மாறினால் அலுமினிய மரை போய்விடும். நீளமும் பேன்ஜோ கண்ணின் தடிமன் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் முட்டும்.

குட்டி அமுக்கல்களால் மாஸ்டர் சிலிண்டரின் காற்றை வெளியேற்றிவிட்டு லீவரைப் பிடியுங்கள். சில மி.மீ.க்குள் கல் போல நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. கோளாறு ஹோஸிலோ காலிப்பரிலோதான். அப்போதும் மெத்தென்று இருந்தாலோ மெல்ல இறங்கினாலோ காலிப்பரைத் தொடவே வேண்டாம், மாஸ்டர் சிலிண்டர்தான். இந்த ஒரு சோதனை வீண் செலவை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பது, காரணம் தெரியாமல் ஹோஸ், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என்று வரிசையாக மாற்றியவர்களுக்குத் தெரியும்.

ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கிச் சோதிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ரப்பரின் உள் அடுக்கு பிய்ந்துவிடலாம். ஸ்டீல் பின்னல் ஹோஸில் கண்டிப்பாகக் கூடாது.

## அறிகுறி 4: முதலில் கெட்டி, பிடித்துக்கொண்டே இருந்தால் மெல்ல ஹேண்டிலை நோக்கி இறங்குகிறது

இது காற்று அல்ல. ஆயில் எங்கோ போகிறது: வெளியே கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் கப்பைத் தாண்டித் தொட்டிக்கே திரும்புகிறது.

எல்லா இணைப்பையும் காயத் துடைத்து, டிஷ்யூ பேப்பர் சுற்றி, லீவரைக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். எந்தப் பேப்பர் நனைகிறது என்று பாருங்கள்.

- நிப்பிள் அடியில் ஈரம்: அரைச் சுற்று திறந்து, கொஞ்சம் ஆயில் ஓடவிட்டு மூடுங்கள், தூசி போய்விடும். அப்போதும் கசிந்தால் நிப்பிளை மாற்றுங்கள். முறுக்கி இறுக்கினால் தலை உடையும்.
- பேன்ஜோவில் ஈரம்: புது செம்பு வாஷர், மேனுவல் அளவு இறுக்கம். வண்டியைப் பொறுத்து 23 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும்.
- பிஸ்டன் ஓரத்தில் ஈரம்: மறுபடி பிரிக்க வேண்டும். உள்ளே தடித்த பிரஷர் சீல், வெளியே மெலிந்த டஸ்ட் சீல், மாறியிருக்கிறதா பாருங்கள். சீல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பிஸ்டனைக் கோணலாகத் தள்ளியதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். பிஸ்டனின் குரோம் பூச்சில் சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குத் துருப்பள்ளம் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் கசியும், புது பிஸ்டன்தான். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய் இன்னும் மோசமாகும்.
- எங்குமே ஈரம் இல்லை: மாஸ்டர் சிலிண்டர் கப். லீவர் அடியில் உள்ள ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பின் கப்பும் போய்விட்டது.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்: இந்த அறிகுறியோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள். நிப்பிள் உடைந்து மரைக்குள் நின்றுவிட்டால் லேத் பட்டறை வேலை. வீட்டில் துளைபோட்டு எடுக்கப் பார்த்தால் உள்ளே உள்ள கூம்பு இருக்கை சேதமாகும்.

## அறிகுறி 5: பிரேக் விட மாட்டேன் என்கிறது, சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது, டிஸ்க் கொதிக்கிறது

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி, கையால் சுற்றிவிடுங்கள். பேடு லேசாக உரசும் சத்தத்தோடு ஒரு சுற்றாவது தானாகப் போக வேண்டும். பிரேக்கைப் பிடித்து விட்டதும் உடனே நின்றுவிட்டால் கீழே உள்ள சோதனையைச் செய்யுங்கள்.

சக்கரம் இறுகியிருக்கும்போது நிப்பிளைத் திறந்து பாருங்கள்.

### ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டது

அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. காலிப்பர் குற்றவாளி அல்ல. நிப்பிளை மூடி, மறுபடி பிரேக் பிடித்து இறுக்கி, இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் பேன்ஜோவைத் தளர்த்துங்கள். அங்கே விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபடுகிறது என்றால் ஹோஸின் உள்சுவர் உப்பி அடைத்திருக்கிறது, ஹோஸை மாற்றுங்கள்.

பேன்ஜோவிலேயே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். எளிதிலிருந்து தொடங்குங்கள். தொட்டியில் மேல் கோட்டுக்கு மேல் நிரம்பியிருக்கிறதா? சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடம் இல்லாமல் போகும். லீவர் முழுதாகத் திரும்புகிறதா? கடையில் வாங்கிப் போட்ட மடக்கு லீவர்கள் சிலவற்றின் முனை சற்று நீளமாக இருந்து, பிஸ்டனை எப்போதும் ஒரு மி.மீ. உள்ளேயே தள்ளி வைத்திருக்கும். அதனால் சின்னத் துளை மூடியே கிடக்கும். பழைய லீவரை மாட்டிப் பாருங்கள். பின் பிரேக்கில் பெடல் தள்ளுகம்பியில் தளர்ச்சி இல்லாவிட்டாலும் இதே கதைதான். இவை சரியாக இருந்தால் சின்னத் துளையே அடைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிளின் ஒற்றை இழையால் மெல்லக் குத்தி, பிரேக் ஆயிலால் கழுவுங்கள். ஊசியோ டிரில் பிட்டோ வேண்டாம். துளை பெரிதானால் ரப்பர் கப் அதில் மாட்டிக் கிழியும்.

### நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருக்கிறது

அழுத்தம் இல்லை, பிஸ்டனோ ஊசியோ மாட்டியிருக்கிறது. நகரும் ஊசிகளை முதலில் பாருங்கள். அது சரி என்றால் சீல் பள்ளம்.

சீல் மாற்றும் வேலையில் அதிகம் கோட்டைவிடும் இடம் இந்தப் பள்ளம். பிஸ்டனைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் அல்ல. சதுர வெட்டுள்ள அந்த பிரஷர் சீல்தான். பிரேக் பிடிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை அளவுக்குப் பின்னிழுக்கிறது. பள்ளத்தின் அடியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்ட அலுமினிய உப்பு இருந்தால், சீல் மேலேறி பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். மழைக்காலம் முடிந்த வண்டிகளிலும், கடற்கரை ஊர் வண்டிகளிலும் இந்த உப்பு கட்டாயம் இருக்கும். துணியால் துடைத்தால் வராது. முனையை வளைத்த பித்தளைக் கம்பியாலோ பல் மருத்துவர் கொக்கி போன்ற கருவியாலோ பள்ளத்தின் மூலையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுவரில் கீறல் விழாமல் பொறுமையாகச் செய்யுங்கள். சரியாகச் சுத்தம் செய்த காலிப்பரில், ஆயில் தடவிய பிஸ்டன் இரண்டு கட்டைவிரல் பலத்தில் உள்ளே போகும். கிளாம்ப் போட்டு அமுக்கினால்தான் போகிறது என்றால் பள்ளம் இன்னும் சுத்தமாகவில்லை.

சீல் உப்பியிருந்தால் காரணம் எண்ணெய்ப்பசை. பிரேக் சீல்கள் பிரேக் ஆயிலுக்கென்றே செய்த ரப்பர். பெட்ரோலில் கழுவியது, என்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவியது, எல்லாமே அதை உப்ப வைக்கும். மாஸ்டர் சிலிண்டர் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி நெளிந்து பெருத்திருந்தால் கெட்ட எண்ணெய் அமைப்பு முழுதும் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது காலிப்பர் சீல், மாஸ்டர் கிட், ஹோஸ் மூன்றையும் மாற்ற வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போய்விடுங்கள்.

## அறிகுறி 6: லீவர் கல் போல இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

ஏர் பிரச்சினை இல்லவே இல்லை. பேடில் பிரேக் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ பிரேக் கிளீனராலோ துடையுங்கள். பேடை எரித்தும் மணலில் தேய்த்தும் காப்பாற்றப் பார்ப்பதுண்டு. ஆயில் உள்ளே ஊறிய பேடு சூடேறும்போது மறுபடி கசியும். தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பேடு காய்ந்திருந்தால், இரண்டு பிஸ்டனும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பாருங்கள்.

## அறிகுறி 7: நிற்கும்போது நன்றாக இருக்கிறது, கொஞ்சம் ஓட்டிய பிறகு முதல் பிடி உள்ளே போகிறது

குண்டும் குழியுமான சாலைக்குப் பிறகு மட்டும் இப்படி ஆனால் டிஸ்க் கோணியிருக்கலாம், டிஸ்க் போல்ட்டோ வீல் பேரிங்கோ தளர்ந்திருக்கலாம். ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடுகிறது. காலிப்பர் அருகே ஒரு கம்பியை நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

மலையிறக்கத்தில் மட்டும் லீவர் மென்மையாகிறது என்றால் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கினால் பழைய ஆயில் தாங்காது. உடனே ஓரம் கட்டி, ஆறவிட்டு, கீழே வந்ததும் முழு ஆயிலையும் மாற்றுங்கள். கூடவே அறிகுறி 5-இன் சோதனையையும் செய்யுங்கள். விடாமல் உரசும் பேடும் இதே சூட்டைக் கொடுக்கும்.

## ஏ.பி.எஸ். வண்டிகள்

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் உங்கள் வண்டியிலும் இருக்கும். காலிப்பர் மட்டும் பிரிந்து, தொட்டி வறளாமல் இருந்தால் மேலே சொன்ன முறையே போதும். தொட்டி வறண்டு காற்று மாடுலேட்டர் பெட்டிக்குள் (ஏ.பி.எஸ். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டால், உள்ளே உள்ள வால்வுகளைக் கம்பெனி ஸ்கேன் கருவியால் இயக்கினால்தான் வெளியே வரும். ஆகவே சீல் மாற்றும்போதே, ஹோஸைக் கழற்றியவுடன் பேன்ஜோ கண்ணைச் சுத்தமான போல்ட்டும் நட்டும் இரண்டு வாஷரும் போட்டு அடைத்து, தொட்டியை நிரப்பி வையுங்கள்.

## சாலையில் இறங்கும் முன்

லீவரைப் பலமாகப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள், இறங்கக் கூடாது. விட்டதும் சக்கரம் சுற்ற வேண்டும். காலிப்பர் போல்ட், பேன்ஜோ, பேடு ஊசி, நிப்பிள் தொப்பி எல்லாம் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை, 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்து டிஸ்க்கின் அருகே கை கொண்டுபோய், தொடாமல், சூட்டைப் பாருங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், முதல் பிடியே நேற்றைய இடத்தில் நிற்கிறதா என்றும், காலிப்பருக்கு அடியில் தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு எடுங்கள்.